கோவிட் போய் ஐந்து மாதம், உடம்பு இன்னும் திரும்பவில்லை: ஸ்பெஷலிஸ்டிடம் எப்படிப் போய்ச் சேருவது?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வயது 41. கோவிட் வந்து போய் ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, எல்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டு போனால் தலை கிறுகிறுக்கிறது, வேலை அதிகமான நாளுக்கு மறுநாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் நழுவிப் போகிறது. கம்பெனியின் பேனல் கிளினிக்கில் மூன்று முறை வைட்டமின் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ‘ஜி.எச்.சில் (அரசுப் பெரிய மருத்துவமனையில்) லாங் கோவிட் கிளினிக் எங்கே இருக்கிறது, நேராகப் போகலாமா?’ என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இதை முறையாக ஆராய்ந்து பார்க்கக்கூடிய ஒருவரிடம் எப்படிப் போய்ச் சேருவது? இரண்டாவதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்கிறேன். அதற்கு வழி கிடைத்துவிட்டால் முதல் கேள்வி தானாகவே தீர்ந்துவிடும்.

நேராகப் போக முடியாது. அரசு மருத்துவமனைகளின் ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் எல்லாமே பரிந்துரைக் கடிதத்தின் பேரில்தான் நடக்கின்றன. மலேசிய சுகாதார அமைச்சு 2021இல் கோவிட்டுக்குப் பிந்தைய சிகிச்சைக்கென்று ஒரு நெறிமுறையை வெளியிட்டது, அந்தக் காலத்தில் சில மருத்துவமனைகளில் தனிக் கிளினிக்குகளும் நடந்தன. இன்று அந்தப் பெயர்ப் பலகையைத் தேடி அலைய வேண்டாம். மூச்சுப் பிரச்சினை என்றால் நுரையீரல் பிரிவு, நாடியும் இரத்த அழுத்தமும் தடுமாறினால் ஜெனரல் மெடிசின் அல்லது இருதயப் பிரிவு, உடல் வலுவை மீட்டெடுக்க மறுவாழ்வு மருத்துவம் என்று உறுப்பு வாரியாகப் போவதுதான் பலன் தரும். எந்த வாசல் என்பதை முடிவு செய்வது உங்கள் கையில் இருக்கும் கடிதம். அந்தக் கடிதம் நன்றாக அமைய வேண்டும் என்பதுதான் இந்த விஷயத்தில் முக்கால் பங்கு.

கடிதம் வாங்க வேண்டிய இடம் உங்கள் வட்டாரத்து அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தான். மைசெஜாத்ரா செயலியிலேயே நேரம் பதிவு செய்யலாம். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). இருமல் சளிக்கு வருகிற கூட்டத்தோடு கூட்டமாகப் போய் உட்கார்ந்தால் டாக்டருக்கு உங்களிடம் பேச ஐந்து நிமிடம் கிடைப்பதே அரிது. பதிவு செய்துகொண்டு போங்கள். முதல் சந்திப்பிலேயே ‘இது ஐந்து மாதப் பிரச்சினை, எஃப்.எம்.எஸ். பார்க்க முடியுமா?’ என்று கேளுங்கள். எஃப்.எம்.எஸ். என்பவர் குடும்ப மருத்துவ நிபுணர். பல அரசு கிளினிக்குகளில் இருக்கிறார், அல்லது குறிப்பிட்ட நாள்களில் வருகிறார். பலருக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. அவரும் ஸ்பெஷலிஸ்ட்தான். உங்களைப் போன்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஜி.எச். வரை போகத் தேவையில்லாமல் அவரிடமே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. கட்டணத்தைப் பொறுத்தவரை, ஜி.எச். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் ஐந்து வெள்ளி. தனியார் டாக்டரின் கடிதத்தோடு போனால் முதல் வருகைக்கு 30 வெள்ளி, அதன் பிறகு ஐந்து. பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குக் கட்டண அட்டவணை வேறு. வேலை பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு எல்லா இடத்திலும் பல மடங்கு கூடுதல்.

கிளினிக்கில் முதலில் செய்வது, கோவிட்டின் மேல் பழியைப் போடுவதற்கு முன் மற்ற காரணங்களைத் தள்ளிப் பார்ப்பது. இதைக் கேட்டு மனம் நோக வேண்டாம், இது மிகவும் தேவை. முழு இரத்தப் பரிசோதனை, இரும்புச் சத்துக்கு ஃபெரிட்டின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரகம், கல்லீரல், வீக்கத்தைக் காட்டும் சி.ஆர்.பி., பி12, இ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே ஆகியவை அடிப்படை. நாற்பதைத் தொட்ட பெண்ணுக்கு மாதவிலக்கு அதிகமாகப் போனால் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இறங்கி, மாடி ஏறும்போது படபடப்பு வருவது மிகச் சாதாரணம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம், ஆகவே அதைத் தனியாகக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு வீங்கி, கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும், நாடி ஓடும், கை நடுங்கும். அதற்குச் சிகிச்சையே வேறு. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு, நம் சமூகத்தில் அந்த விகிதம் இன்னும் கூடுதல். சர்க்கரை தெரியாமலே இருந்துவிட்டு, அந்தச் சோர்வைக் கோவிட்டின் கணக்கில் எழுதிவிடுபவர்கள் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். குறட்டை பலமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் இதே போன்ற பகல் சோர்வைத் தரும்.

குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் எஸ்.டி.ஆர். உதவித் தொகை பெறுபவராகவோ அவருடைய கணவராகவோ மனைவியாகவோ இருந்து 40 வயதைத் தாண்டியிருந்தால், பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக்குகளிலும் செய்துகொள்ளலாம். இந்தப் பட்டியலில் பல பரிசோதனைகள் அதிலேயே அடங்கிவிடும். அந்த முடிவுகளை எடுத்துக்கொண்டு போனால் ஒரு சுற்று மிச்சம்.

அடுத்தது மொழி. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் கடிதம் தப்பான பிரிவுக்குப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். நாம் ‘மயக்கமா வருது’ என்போம். அது தலை கிறுகிறுப்பாகவும் இருக்கலாம், நினைவு தப்பி விழுந்ததாகவும் இருக்கலாம். மருத்துவத்தில் இரண்டும் வெவ்வேறு பாதை. விழவில்லை என்றால் மலாயில் ‘பெனிங்’, நினைவு தப்பி விழுந்திருந்தால் ‘பெங்சான்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். ‘நெஞ்சு அடைக்குது’ என்பதில் வலியா, மூச்சுத் திணறலா, கவலையால் வரும் இறுக்கமா என்று தெரியாது. மூச்சு என்றால் ‘செசாக் நாஃபாஸ்’, வலி என்றால் ‘சாக்கிட் டாடா’. ‘படபடப்பு’ என்ற சொல் இன்னும் சிக்கல். நாம் இருதயத் துடிப்பைச் சொல்கிறோம், கேட்பவர் பதற்றம் என்று எழுதிக்கொண்டால் கடிதம் மனநலப் பிரிவுக்குப் போய்விடும். ‘நாடி இத்தனை துடிக்கிறது’ என்று எண்ணாகச் சொல்லிவிட்டால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. அதே நேரம் மனச்சோர்வு, பதற்றம் பற்றிய கேள்வித்தாளை நீட்டினால் கோபப்படாமல் உண்மையாக நிரப்புங்கள். அது எல்லாருக்கும் கொடுக்கப்படுவது. மாதக்கணக்கில் உடம்பு முடியாமல் கிடந்தால் மனமும் தளரும், அதற்கும் சிகிச்சை உண்டு.

எண் எங்கிருந்து வரும்? ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகமும், கைக்குக் கட்டுகிற இரத்த அழுத்தக் கருவியும் போதும். காலையில் சாப்பிடுவதற்கும் காப்பி குடிப்பதற்கும் முன், பத்து நிமிடம் அசையாமல் படுத்திருங்கள். நாடியையும் இரத்த அழுத்தத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து, குதிகால் சுவரிலிருந்து அரை அடி தள்ளியிருக்க, முதுகை மட்டும் சுவரில் சாய்த்து நில்லுங்கள். பேச வேண்டாம், காலை ஆட்ட வேண்டாம். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, பத்தாவது நிமிடங்களில் மறுபடி எடுத்து எழுதுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், கண் இருட்டினால் உடனே நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். ஏற்கெனவே நினைவு தப்பி விழுந்தவர்கள் இதை வீட்டில் செய்யக் கூடாது. நிற்கும்போது மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 மூன்று நிமிடத்துக்குள் இறங்கினால் அது நிற்கையில் வரும் இரத்த அழுத்த வீழ்ச்சி. அழுத்தம் இறங்காமல் நாடி மட்டும் 30க்கு மேல் ஏறி, பத்து நிமிடமும் அப்படியே நின்றால் போட்ஸ் என்ற நிலையைச் சந்தேகிக்க வேண்டும். எல்.ஆர்.டி.யில் நிற்கும்போது வரும் கிறுகிறுப்பு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். ஒரு நாள் எடுத்த கணக்கை வைத்து முடிவு கட்ட முடியாது. வெவ்வேறு மூன்று நாள் எடுங்கள்.

விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகப் பூச்சு, மருதாணி, குளிர்ந்த விரல் எல்லாமே அளவைக் கெடுக்கும். மேலும் கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். இது 2020க்குப் பிறகு நன்றாகவே நிறுவப்பட்ட விஷயம். ஆகவே நம்மில் பலருக்கு ‘95 இருக்கிறது, பரவாயில்லை’ என்பது முழு ஆறுதல் ஆகாது. தனி எண்ணைவிட மாற்றம்தான் பேசும். உட்கார்ந்திருக்கையில் ஒரு அளவு, நாற்காலியிலிருந்து ஒரு நிமிடம் விடாமல் எழுந்து உட்கார்ந்த பிறகு ஒரு அளவு. மூன்று புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் கிளினிக்கில் காட்ட வேண்டும். ஆனால் சிறு வேலைக்கே மறுநாள் படுத்துவிடுகிறவர் இந்த ஒரு நிமிடப் பரிசோதனையைத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம், டாக்டர் முன்னிலையில் செய்யட்டும்.

நோட்டில் இன்னும் இரண்டு பக்கம் வேண்டும். ஒன்றில் இரண்டு வார நாட்குறிப்பு: அன்று என்ன செய்தீர்கள், மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் எப்படி இருந்தது. இன்னொன்றில் உட்கொள்ளும் எல்லாமே, அதாவது பேனல் கிளினிக் மாத்திரை, லேகியம், ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, இணையத்தில் வாங்கிய சத்துப் பொடி, எதையும் விடாமல். மூக்கடைப்பு மாத்திரையும் ஆஸ்துமா பம்பும்கூட நாடியை ஏற்றும். பொட்டலத்தில் MAL என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபட்ட சம்பவங்கள் உண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் டாக்டர் இல்லாத நோயைத் தேடிக்கொண்டிருப்பார்.

இப்போது கடிதம். ‘லாங் கோவிட், மேற்பார்வைக்கு அனுப்புகிறேன்’ என்று ஒற்றை வரியில் போகும் கடிதத்தை ஜி.எச்.சில் அவசரமில்லாத கடிதங்களோடுதான் வைப்பார்கள். வரும் கடிதங்களை அங்கே ஒரு டாக்டர் படித்துத்தான் தேதி போடுகிறார், அவர் முன் நீங்கள் இல்லை, கடிதம் மட்டும்தான் இருக்கிறது. நல்ல கடிதம் இப்படி இருக்கும்: 41 வயதுப் பெண், ஐந்து மாதத்துக்கு முன் கோவிட், அன்றிலிருந்து நின்றால் கிறுகிறுப்பு, உழைப்புக்கு மறுநாள் கடும் சோர்வு, படுத்திருக்கையில் நாடி 74, நின்று ஐந்தாவது நிமிடத்தில் 112, இரத்த அழுத்தம் இறங்கவில்லை, இரத்தம், தைராய்டு, சர்க்கரை, இ.சி.ஜி., எக்ஸ்ரே இயல்பு. வாரம் ஐந்து நாள் வேலை பார்த்தவர் இப்போது மூன்று நாள்தான் போகிறார். கேள்வி, இது போட்ஸா, எக்கோவும் (இருதய ஸ்கேன்) 24 மணி நேர ஹோல்டரும் (உடம்பில் மாட்டி இருதயத் துடிப்பைப் பதியும் கருவி) தேவையா? எத்தனை மாதம், என்ன எண், எது ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை, என்ன கேள்வி ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். எழுதுவது டாக்டர்தான், ஆனால் சரக்கைக் கொடுப்பது நீங்கள். நோட்டை அவர் மேசையில் விரித்து வையுங்கள். கடிதத்தையும் பரிசோதனை முடிவுகளையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே கொடுங்கள்.

செந்தூலிலிருந்து ஜாலான் பகாங் பக்கம்தான். கோலாலம்பூர் மருத்துவமனையும், நுரையீரலுக்கென்றே இருக்கும் சுவாச மருத்துவக் கழகமும் அங்கேதான். நடையையும் அன்றாட வேலையையும் படிப்படியாக மீட்க செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது, அதற்கும் கடிதம் வேண்டும். பினாங்கிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஜார்ஜ்டவுன் பெரிய ஆஸ்பத்திரி, பெருநிலப் பக்கம் செபராங் ஜெயா. அவசரமில்லாத கடிதத்துக்குத் தேதி வாரக்கணக்கிலும் போகும், மாதக்கணக்கிலும் போகும். காத்திருக்க முடியாதென்றால் தனியார் மருத்துவமனைக்குக் கடிதம் இல்லாமலே போகலாம். பணம் கரைவது ஆலோசனையைவிடப் பரிசோதனைகளில்தான், ஆகவே எக்கோ, ஹோல்டர் இரண்டின் விலையையும் முதலிலேயே கேளுங்கள். மெடிக்கல் கார்டு என்கிற மருத்துவக் காப்புறுதி பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் கொடுக்கும், வெளிநோயாளியாகப் பார்ப்பதற்குக் கொடுக்காது. தனியாரில் எக்கோவை முடித்து அந்த அறிக்கையை அரசு டாக்டரிடம் கொண்டுவருவது கையைக் கடிக்காத நடுவழி.

இனி எது உறுதி, எது உறுதியில்லை என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். தொற்று வந்து மூன்று மாதமாகியும் அறிகுறி இருந்து, அது குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு காரணம் எதுவும் பொருந்தாவிட்டால் அதைக் கோவிட்டுக்குப் பிந்தைய நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. அன்றைக்கு டெஸ்ட் எடுத்த சான்று கையில் இல்லாவிட்டாலும் அந்த வரையறை பொருந்தும். அதை உறுதி செய்கிற ஒற்றை இரத்தப் பரிசோதனை உலகில் எங்கேயும் இல்லை, அப்படி ஒன்று இருப்பதாக விற்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். எல்லா ரிப்போர்ட்டும் இயல்பு என்பதற்கு நோய் கற்பனை என்று அர்த்தமில்லை. அந்தப் பரிசோதனைகள் தேடிய நோய்கள் இல்லை என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து என்று நிரூபணமானது எதுவும் இன்னும் கிடையாது. நாடி ஓட்டம், தூக்கமின்மை, தலைவலி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மருந்து உண்டு, அவை பலன் தருகின்றன. எவ்வளவு நாளில் சரியாகும் என்பதை ஒருவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. பலர் மாதங்களில் மெல்ல மெல்லத் தேறுகிறார்கள், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. உங்களைத் தொட்டுப் பார்க்காமல் உங்களுக்கு இருப்பது இதுதான் என்று நானும் சொல்ல முடியாது. மேலே எழுதியது சந்தேகம் மட்டுமே.

டெங்கி, இன்ஃப்ளுவென்சா, சிக்குன்குன்யாவுக்குப் பிறகு இழுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் பாதை இதேதான். டெங்கிச் சோர்வு வாரக்கணக்கில் இருக்கும், காய்ச்சல் போய் இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக்கொத்தாக முடி கொட்டும், பிறகு தானே முளைக்கும். சிக்குன்குன்யாவில் மூட்டு வீக்கம் மூன்று மாதத்தைத் தாண்டினால் கடிதம் மூட்டுநோய்ப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தேதி வரும் வரை செய்ய வேண்டிய ஒன்று உண்டு. உழைத்த மறுநாளோ அதற்கும் மறுநாளோ படுத்துவிடுவது என்ற அந்த அறிகுறிக்கு, ‘கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டு’ என்கிற வழக்கமான அறிவுரை கெடுதல் செய்யும். அப்படிப்பட்டவர்களுக்குப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சித் திட்டத்தைத் தர வேண்டாமென்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு நாட்பட்ட சோர்வு நோய்க்கான 2021 வழிகாட்டியில் சொல்லிவிட்டது. நல்லாயிருக்கிற நாளில் வீட்டையெல்லாம் கழுவி, துணியெல்லாம் துவைத்து, மூன்று நாள் விழுந்து கிடப்பதுதான் இங்கே நடக்கிற பெரிய தப்பு. நல்ல நாளிலும் முடிந்ததில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காய்கறியை உட்கார்ந்து நறுக்குங்கள், குளிக்கையில் ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள், சுடுதண்ணீர்க் குளியல் வேண்டாம், அது கிறுகிறுப்பைக் கூட்டும். தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல். நிற்கையில் நாடி ஓடுபவர்களுக்கு உப்பைக் கூட்டச் சொல்வதுண்டு, ஆனால் இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து, ஆகவே டாக்டர் சொன்ன பிறகுதான். பத்துமலைக்கு வேண்டுதல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். 272 படியும் வெறும் வயிறும் வெயிலும் இந்த உடம்புக்கு இந்த ஆண்டு தாங்காது. கீழே நின்று கும்பிட்டுவிட்டு, பால்குடத்தை வீட்டில் வேறொருவர் எடுக்கட்டும்.

இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக்குக்கோ தேதிக்கோ காத்திருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவு அல்லது 999: நெஞ்சை அழுத்தும் வலி, ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஓய்வில் ஆக்சிஜன் 94க்குக் கீழ், இருமலில் இரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நினைவு தப்பி விழுவது, முகமோ கையோ ஒரு பக்கம் இழுப்பது, பேச்சு குழறுவது.

வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேலைச் சட்டப்படி படுக்கையில் சேராத எம்.சி. (மருத்துவ விடுப்பு) ஆண்டுக்கு 14 நாள், இரண்டு ஆண்டு சேவைக்குப் பின் 18, ஐந்து ஆண்டுக்குப் பின் 22. மருத்துவமனையில் சேர்ந்தால் அதற்குத் தனியாக 60 நாள். ஆகவே எம்.சி.யைக் கரைத்துவிடாதீர்கள். 2023 ஜனவரியிலிருந்து வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கும் உரிமை இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். எஃப்.எம்.எஸ்.ஸிடம் கடிதம் வாங்கும் அன்றே, ‘நீண்ட நேரம் நிற்கும் வேலை தவிர்க்க வேண்டும்’ என்று ஒரு குறிப்பும் வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

தேதி அட்டை கைக்கு வந்ததும் அதிலுள்ள கிளினிக் எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். இடையில் உடம்பு மோசமானால் அதே தேதிக்காக உட்கார்ந்திருக்காமல் கிளினிக் கெசிஹாத்தானுக்குத் திரும்பிப் போய், புதிய எண்களோடு இரண்டாவது கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைக் காட்டி ‘தேதியை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா’ என்று கவுண்டரில் கேட்கலாம், பல நேரம் கிடைக்கிறது. ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கப் போகும் அன்றைக்கு நோட்டையும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு, கூடவே ஒருவரை அழைத்துப் போங்கள். வரிசையில் அவர் நிற்கட்டும், நீங்கள் உட்கார்ந்திருங்கள்.